நின்ற ஆட்டம் மீண்டும் தொடங்கும் வேளை

(தம்புள்ளையில் நடைபெற்ற சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)





"விளையாட்டும் ஒழுக்கமும்" என்ற பொருளில் சில நிமிஷங்கள் பேசும்படி காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். அது கடலைப் போன்ற பொருள். அதிலே ஒரு கையளவு நீரை மட்டும் அள்ளிக் காட்ட விரும்புகிறேன். கூடைப்பந்தாட்டத்தில், ஒரு காரணத்தால் நின்றுபோன ஆட்டத்தை மீண்டும் தொடங்கும்போது உண்டாகும் தாமதம், அத்தாமதத்தைப் பற்றிய விதிகள், அவற்றை மத்தியஸ்தர் எவ்வாறு பொருள்கொள்ள வேண்டும் என்பனவே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

பெரியோர்கள் சிலர் புன்னகை செய்வதைக் காண்கிறேன். "ஐந்து விநாடி, பத்து விநாடிச் சங்கதியைக் கேட்கவா மாலைப் பூசை முடிந்ததும் முடியாததுமாக ஓடி வந்தோம்?" என்று அவர்கள் எண்ணலாம். ஆனால் சென்ற ஆண்டு நமது போட்டியின் இறுதியாட்டத்துக்குப் பிறகு, ஒரே தெருவிலே வாழ்கிற வாலிபர்கள் இரு பிரிவாய் நின்று, ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாமல் பல வாரங்கள் கழித்தார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பிணக்கின் வேர் இந்தச் சில விநாடிகளிலேதான் இருக்கிறது. அந்த ஆட்டத்துக்கு மத்தியஸ்தராக நின்றவன் நான். ஆகவே இதைப் பற்றிப் பேசும் கடமை எனக்கு உண்டு. முதலில் விதியைச் சொல்லுகிறேன். அதன்பின் என் கதையைச் சொல்லுகிறேன்.

தாமதம் என்றால் என்ன என்பதை நம் ஊராருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தம்புள்ளை நான்கு திசைக்கும் வழி பிரியும் ஊர். கண்டி, யாழ்ப்பாணம், திருகோணமலை, குருநாகல் என்று எங்கே போகிற லொறியும் இங்கே வந்து திரும்ப வேண்டும். நமது பொருளாதார மத்திய நிலையத்தில் ஒரு லொறிக்காரர் வழியை மறித்து நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பின்னால் நிற்கிறவருடைய தக்காளிதான் வாடுகிறது. தாமதத்தின் குணமே அதுதான். செய்கிறவனுக்கு அது ஓய்வு. காத்திருக்கிறவனுக்கு அது இழப்பு. விளையாட்டு விதிகள் தாமதத்தைத் தண்டிப்பதன் காரணமும் இதுவே. நேரம் வீணாகிறது என்பது இரண்டாவது குறை. ஒருவருடைய நேரத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்ளுகிறார் என்பதே முதற்குறை.

கூடைப்பந்தாட்டம் ஒரு வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியிலே பிறந்தது என்பதை நமது வாலிபர்கள் நினைவில் வைக்க வேண்டும். 1891ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரி ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாமல் அடைபட்டுக் கிடந்த 18 மாணாக்கருக்காக இதை உண்டாக்கினார். பீச் பழக் கூடைகள் இரண்டை, தரையிலிருந்து 10 அடி உயரத்திலே மாடத்தில் அறைந்தார். 13 விதிகளை எழுதினார். கூடைக்கு அடி திறந்திருக்கவில்லை. ஆகவே பந்து உள்ளே விழுந்தால் யாராவது ஏணி வைத்து ஏறி எடுக்க வேண்டும்! ஆட்டத்தை மீண்டும் தொடங்குவதிலுள்ள தாமதம் இந்த விளையாட்டின் உடன்பிறப்பு என்று சொன்னால் மிகையாகாது.

அந்த 13 விதிகளில் ஒன்பதாவது விதி நமது விஷயத்தைப் பற்றியது. கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே எறிகிறவருக்கு 5 விநாடி அவகாசம்; அதற்கு மேலும் வைத்திருந்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒரு பக்கத்தார் விடாமல் ஆட்டத்தைத் தாமதப்படுத்திக்கொண்டே இருந்தால் மத்தியஸ்தர் அவர்கள்மேல் தவறு கூறலாம். இந்த விதியிலே இரண்டு பாதிகள் இருப்பதைக் கவனியுங்கள். முதற்பாதி எண்ணிக்கை, அதிலே வாதத்துக்கு இடமில்லை. இரண்டாம் பாதி மதிப்பீடு. எது "விடாமல்" செய்வது, எது தற்செயலாய் நேர்வது என்று கடிகாரம் சொல்லாது. மனிதன்தான் சொல்ல வேண்டும். 130 ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த இரண்டு பாதிகளும் அப்படியே நிலைத்திருக்கின்றன.

நேரத்தைத் தின்னும் ஆட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். 1950ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் திகதி, அமெரிக்கத் தொழில்முறை ஆட்டமொன்றில் போர்ட் வேன் அணியார் மினியாப்பொலிஸ் அணியாரை 19க்கு 18 என்ற புள்ளிகளில் வென்றார்கள். பந்தை எறியாமல் கையிலேயே வைத்திருந்ததன் பலன் அது. அதன்பின் 1954இல் அங்கே 24 விநாடிக் கடிகாரம் வந்தது. சர்வதேச ஆட்டத்தில் 1956இல் 30 விநாடியும், 2000இல் 24 விநாடியும் வந்தன. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது நடக்கும் தாமதத்தை இப்படிக் கடிகாரமே கட்டிவிட்டது. பந்து ஆட்டத்தில் இல்லாத இடைவேளையைத்தான் இன்றும் மத்தியஸ்தரின் கண்ணும் மனமும் காக்க வேண்டியிருக்கிறது.

இன்றைய சர்வதேச விதிகளைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். பந்தை உள்ளெறிகிறவருக்கு 5 விநாடி. "பிரீ துரோ" எனப்படும் தண்ட எறிவை எறிகிறவருக்கும் 5 விநாடி. அணி கேட்டுப் பெறும் இடைநிறுத்தம், அதாவது "டைம்-அவுட்", 1 நிமிடம். 50 விநாடியானதும் புள்ளி மேசையிலிருந்து அறிவிப்பு ஒலிக்கும். அணியினர் உடனே திரும்ப வேண்டும். வராமல் சூழ்ந்து நின்று பேசிக்கொண்டே இருந்தால், முதலில் பயிற்றுநருக்கு எச்சரிக்கை. அதற்கும் அசையாவிட்டால் இன்னொரு டைம்-அவுட் அவர்கள் கணக்கில் எழுதப்படும். கணக்கில் மிச்சமில்லையானால் பயிற்றுநர்மேல் "டெக்னிக்கல் பவுல்" என்னும் நடத்தைத் தவறு கூறலாம். ஆள் மாற்றும்போது வேண்டுமென்று மெதுவாக நடந்தாலும் இதே வழிதான். ஆட்டம் தொடங்க வேண்டிய வேளை கடந்து 15 நிமிடமாகியும் 5 பேரைக் களத்தில் நிறுத்த முடியாத அணி ஆட்டத்தையே இழக்கும். புள்ளி 20க்கு 0 என்று எழுதப்படும். நம் ஊரிலே பஸ் வரவில்லை என்று சொல்லுகிற அணிகள் இதை நினைவில் வைப்பது நல்லது!

இனி, சண்டை மூளுகிற இடத்துக்கு வருகிறேன். புள்ளி விழுந்தவுடன், வலையிலிருந்து கீழே விழும் பந்து யாருடையது? புள்ளி கொடுத்த அணியுடையது. அவர்கள்தான் கோட்டுக்கு வெளியே நின்று உள்ளெறிய வேண்டும். அப்போது புள்ளி பெற்ற அணியார் பந்தை வேண்டுமென்றே தொட்டாலோ, தட்டிவிட்டாலோ, உள்ளெறிதலைத் தடுத்தாலோ அது நடத்தைத் தவறு. தண்டனை ஒரு தண்ட எறிவு. அதன்பின் பந்து யாருக்குரியதாக இருந்ததோ அவர்களுக்கே மீண்டும் கொடுக்கப்படும்.

"பந்தைக் கொஞ்சம் தட்டினால் என்ன?" என்று வாலிபர்கள் கேட்பார்கள். ஆட்டத்தில் 10 நிமிடக் கால்பகுதிகள் நான்கு உண்டு. கடைசிக் கால்பகுதியின் இறுதி 2 நிமிடத்திலும் மேலதிக நேரத்தின் இறுதி 2 நிமிடத்திலும் மட்டுமே புள்ளி விழுந்ததும் கடிகாரம் நிற்கும். மற்ற வேளைகளில் அது ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே பந்து சுவரோரம் உருண்டு ஓடும் 4 விநாடியும் எதிரணியின் பையிலிருந்து எடுத்த 4 விநாடி. இறுதி 2 நிமிடத்திலோ கடிகாரம் நிற்கிறது. ஆனால் தட்டியவருடைய அணி ஓடிப்போய்த் தன் கூடையைக் காக்க வரிசை கட்டிவிடுகிறது. அங்கே களவு போவது நேரமல்ல, சந்தர்ப்பம்.

இந்த விதிகளைப் பொருள்கொள்ளும்போது மத்தியஸ்தர் தன்னையே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று உண்டு.

முதற்கேள்வி: எண்ணிக்கை எப்போது தொடங்குகிறது? பந்து வெளியே போனவுடன் அல்ல. விசில் ஊதியவுடனும் அல்ல. பந்து எறிகிறவருடைய கைக்கு வந்தபோது, அல்லது அவர் எடுக்கக்கூடியவாறு வைக்கப்பட்டபோதுதான் தொடங்குகிறது. அதுவரை பந்து மத்தியஸ்தரின் கையில் இருக்கிறது. அந்த நேரத்துக்கு அவரே பொறுப்பாளி. புள்ளி மேசை ஆயத்தமா, ஆள் மாற்றம் முடிந்ததா, யாரேனும் சப்பாத்து நாடா அவிழ்ந்து நிற்கிறாரா என்று பார்த்த பிறகே அவர் பந்தைக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு இரக்கம் காட்டி மெதுவாக எண்ணுவதும் பிழை. கொடுப்பதற்கு முன்பே மனத்துக்குள் எண்ணத் தொடங்குவதும் பிழை.

இரண்டாவது கேள்வி: வேண்டுமென்று செய்தாரா? வலைக்கு அடியில் நிற்கிற பிள்ளையின் தோளிலே பந்து விழுந்தால் அது அவன் குற்றமல்ல. விழுந்த பந்தை எடுத்து எதிரணிக்காரர் கையில் கொடுக்க நினைப்பவனும் உண்டு. பந்து எங்கே போனது என்பதைவிடக் கை எதற்காகப் போனது என்பதே முக்கியம்.

மூன்றாவது கேள்வி: எச்சரித்தேனா? எப்படி எச்சரித்தேன்? தவறு முற்றுவதற்கு முன் எச்சரித்துத் தடுக்க மத்தியஸ்தருக்கு அதிகாரம் உண்டு. அந்த எச்சரிக்கைக்கு ஒரு முறை இருக்கிறது. பந்து ஆட்டத்தில் இல்லாமல், கடிகாரமும் நிற்கும்போதுதான் எச்சரிக்க வேண்டும். ஆட்டக்காரருக்குச் சொன்னதை அவருடைய பயிற்றுநருக்கும் தெரிவிக்க வேண்டும். அதன்பின் அந்த எச்சரிக்கை ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. ஆட்டம் முடியும்வரை அந்த அணியின் எல்லாருக்கும் உரியது. அண்ணன் பெற்ற எச்சரிக்கை தம்பியையும் கட்டும். இது கடுமையான விதி. கடுமையானதாகையால்தான் எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வருகிறது.

மற்ற நாடுகளிலும் ஆட்டங்களிலும் இதே முறையைத்தான் காண்கிறோம். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் ஓர் அணியின் முதல் தாமதத்துக்கு எச்சரிக்கை, அடுத்ததற்குத் தண்டனை. அங்கே பாடசாலை ஆட்டங்களில் டைம்-அவுட் முடிந்தும் ஓர் அணி வராவிட்டால், மத்தியஸ்தர் பந்தை உரிய இடத்திலே தரையில் வைத்துவிட்டு எண்ணத் தொடங்குவார். கூச்சலும் இல்லை, வாதமும் இல்லை. கிரிக்கெட்டிலும் ஓவருக்கும் ஓவருக்கும் இடையே 60 விநாடி என்ற விதியை 2023 டிசெம்பரில் சோதனையாகக் கொண்டுவந்து, 2024இல் நிலைப்படுத்தினார்கள். இருமுறை எச்சரிக்கை, மூன்றாம் முறை 5 ஓட்டம் தண்டம்.

கிரிக்கெட் என்றதும் உங்கள் எல்லோருக்கும் ஒரே நிகழ்ச்சிதான் ஞாபகத்துக்கு வரும். 2023ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் திகதி, டில்லியிலே உலகக் கிண்ணப் போட்டியில் பங்களாதேஷுக்கு எதிராக நமது அஞ்சலோ மத்யூஸ் ஆட வந்தார். அவருடைய தலைக்கவசத்தின் பட்டி அறுந்தது. வேறு கவசம் கேட்டு நின்றார். ஷகிப் அல் ஹசன் முறையிட்டார். மத்தியஸ்தர்கள் ஆட்டமிழப்புக் கொடுத்தார்கள். சர்வதேச கிரிக்கெட்டில் அவ்வாறு நேரம் கடந்து ஆட்டமிழந்த முதல்வர் அவரே. கிரிக்கெட்டின் பொதுச் சட்டத்தில் 3 நிமிடம். அந்தப் போட்டியின் விதியிலோ 2 நிமிடம். தனக்கு இன்னும் 5 விநாடி மிச்சமிருந்தது என்றார் மத்யூஸ். பட்டி பிரச்சினையாவதற்கு முன்பே 2 நிமிடத்துக்குள் அவர் ஆயத்தமாகவில்லை என்றார் நான்காவது மத்தியஸ்தர். அன்றிரவு நம் வீடுகளில் எழுந்த கோபத்தை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த வாதம் நடந்ததெல்லாம், நான் மேலே சொன்ன கேள்விகளைப் பற்றியே: எண்ணிக்கை எங்கே முடிந்தது? வேண்டுமென்று தாமதித்தாரா? ஒரு சொல் எச்சரித்திருக்கலாகாதா?

மற்றோர் ஊரை மட்டும் சொல்லி நம் ஊரை விட்டுவிடுவது நியாயமல்ல. 2010ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் திகதி, இதே தம்புள்ளை மைதானத்தில் இந்தியாவுக்கு வெற்றிக்கு 1 ஓட்டம் தேவை. வீரேந்தர் சேவாக் 99 ஓட்டத்தில் நின்றார். சூரஜ் ரந்தீவ் கோட்டைத் தாண்டி வந்து பந்தை வீசினார். சேவாக் அதை 6 ஓட்டத்துக்கு அடித்தார்; ஆனால் "நோ-போல்" கொடுத்த 1 ஓட்டத்தோடு ஆட்டம் முடிந்துவிட்டதால் அந்த 6 கணக்கில் சேரவில்லை. மத்தியஸ்தர் விதியை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினார். விதியை ஒருவர் கருவியாக எடுத்துக்கொண்டதுதான் குற்றமாயிற்று. நமது கிரிக்கெட் நிர்வாகமே விசாரித்து ரந்தீவை ஒரு போட்டிக்கு விலக்கி வைத்தது. விதியை மீறுவதும் உண்டு. விதிக்குள்ளேயே நின்று அநியாயம் செய்வதும் உண்டு என்பதை நம் ஊர் மண்ணே கண்டிருக்கிறது.

இனி என் கதை.

சென்ற ஆண்டு இறுதியாட்டத்தில், இரண்டாம் கால்பகுதியின்போது, ஓர் அணியின் மூத்த ஆட்டக்காரர் புள்ளி விழுந்ததும் பந்தைக் காலால் மெல்ல உருட்டிவிட்டார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவரைக் கடந்து ஓடும்போது, "தம்பி, இனிமேல் பந்தைத் தொடக் கூடாது" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு ஓடினேன். விசில் ஊதவில்லை, பயிற்றுநரிடம் சொல்லவில்லை, புள்ளி மேசைக்கும் அறிவிக்கவில்லை. ஆட்டத்தின் ஓட்டம் கெடக் கூடாது என்று எண்ணினேன். உண்மையைச் சொன்னால், சோம்பலும் இருந்தது.

கடைசிக் கால்பகுதி. ஒரு நிமிடமும் சில விநாடிகளும் மிச்சம். அதே அணியின் மிக இளைய ஆட்டக்காரர், தன் அணிக்குப் புள்ளி விழுந்த ஆனந்தத்தில், வலையிலிருந்து விழுந்த பந்தை இரு கையாலும் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டு துள்ளினார். நான் விசில் ஊதினேன். நடத்தைத் தவறு கொடுத்தேன். பயிற்றுநர் எழுந்து, "எங்களுக்கு எச்சரிக்கை எப்போது தந்தீர்கள்?" என்றார். "உங்கள் அணிக்கு முன்பே தந்தாயிற்று" என்றேன். மூத்தவர் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார், வாய் திறக்கவில்லை. தண்ட எறிவு கூடைக்குள் விழுந்தது. அந்த அணி ஒரே புள்ளியால் தோற்றது.

அன்று முதல் அந்த இளைய பிள்ளைக்கு "அவசரக்காரன்" என்று பெயர் வந்தது. "கிண்ணத்தைக் கை தவறவிட்டவன்" என்று கடைத்தெருவில் பெரியவர்களே சொன்னார்கள். அவர் பல மாதம் மைதானத்துப் பக்கமே வரவில்லை. நானோ விதிப் புத்தகத்தைத் திறந்து, எச்சரிக்காமலே தண்டிக்கவும் மத்தியஸ்தருக்கு அதிகாரம் உண்டு என்ற இடத்தைக் கண்டு, மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் இன்னொரு இரவு மறுபடியும் புத்தகத்தைப் படித்தபோது எனக்கு உறைத்தது. எச்சரிக்கை தந்ததாக நான் சொன்னேனே, அது எச்சரிக்கையே அல்ல. ஓடுகிற கடிகாரத்தில், ஒருவர் காதிலே மட்டும் போட்ட சொல் மற்ற நான்கு பேரைக் கட்டாது. அதுமட்டுமல்ல; அந்தப் பிள்ளை பந்தைப் பிடித்தது தாமதிப்பதற்காக அல்ல, சந்தோஷத்தால் என்பதை அவர் முகமே சொல்லிற்று. அதையும் நான் பார்க்கத் தவறினேன்.

பெரியோர்களே, அந்த ஆட்டத்தின் முடிவை மாற்ற இனி யாராலும் முடியாது; மாற்றவும் வேண்டாம். வென்றவர்கள் நேர்மையாகவே வென்றார்கள். ஆனால் பிழை யாருடையது என்பதை மாற்ற முடியும். அது அந்தப் பிள்ளையின் பிழையல்ல, என்னுடையது. இதை அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவருடைய தகப்பனார் தேநீர் தந்து, "அதை எங்களுக்குச் சொன்னது சரி, மாஸ்டர், ஆனால் பெயர் வைத்தது ஊரல்லவா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். ஆகவேதான் இன்று ஊர் கூடிய சபையில் சொல்லுகிறேன்.

இனிவரும் போட்டிகளுக்காக மூன்று யோசனைகளைச் சங்கத்தின்முன் வைக்கிறேன். ஆட்டம் தொடங்குமுன் இரு அணித் தலைவர்களையும் பயிற்றுநர்களையும் அழைத்து, தாமதத்தைப் பற்றிய விதிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் வாசித்துக் காட்ட வேண்டும். கொடுக்கப்படும் ஒவ்வொரு எச்சரிக்கையையும் நேரத்தோடு புள்ளி மேசையில் ஒரு தாளிலே குறித்து வைக்க வேண்டும். தாளில் இல்லாத எச்சரிக்கையை எந்த மத்தியஸ்தரும் பிறகு எடுத்துக் கூறக் கூடாது. மூன்றாவது யோசனை ஆட்டக்காரருக்கு: புள்ளி விழுந்ததும் பந்தை விட்டு இரண்டடி விலகி ஓடுங்கள். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் இந்த விதியே உங்களுக்குத் தேவைப்படாது.

மூத்த வாலிபர்களுக்கு இன்னும் ஒரு சொல். உங்கள் காதில் மட்டும் விழுந்த எச்சரிக்கையை உங்கள் தம்பிமாருக்குச் சொல்லுங்கள். சொல்ல மறந்திருந்தால், தம்பி தண்டனை பெறும்போது தரையைப் பார்க்காமல் ஒரு அடி முன்னே வந்து, "அது எனக்குச் சொன்னது, ஐயா" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லியிருந்தால் என் கண் அன்றே திறந்திருக்கும். உங்களைக் குறை கூறவில்லை. எனக்கே இதைச் சொல்ல ஓர் ஆண்டு ஆயிற்று. தாமதத்தைத் தண்டித்தவனே தாமதித்துவிட்டேன்.

அடுத்த மாதம் போட்டிகள் மீண்டும் தொடங்குகின்றன. அந்தப் பிள்ளை இச்சபையில் இருந்தால் கேட்டுக்கொள்ளட்டும். இல்லாவிட்டால், அவருக்குப் பெயர் வைத்தவர்களே போய்ச் சொல்லட்டும். மைதானத்தில் அவருடைய இடம் காலியாகவே இருக்கிறது.